அல்லி அப்படிச் செய்யமாட்டாள்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. மலைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பி என் வீட்டுக்காரர், ரஷாத் மச்சான், வெள்ளனே கடையைத் திறந்தார். மதியம் வரை ஈ காக்கை இல்லை. சாக்லேட் டப்பாக்களைத் துடைத்து அடுக்கிவிட்டு நான் போனில் எழுத உட்கார்ந்தேன்.

"யாரோ எடுத்த சீரியலுக்கு நீ எதுக்கு புள்ள கதை எழுதுற?" என்று மறுபடி கேட்டார். நான்கு வருடமாக இதே கேள்வி.

மறுபடி சொன்னேன். 'சங்குமுனை' பாதியில் நின்றுபோன சீரியல். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அல்லி. சண்டை போட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போன தங்கை வேணி. வேணி திரும்பி வந்தாளா இல்லையா என்று காட்டாமலே நிறுத்திவிட்டார்கள். அப்படியே விட்டுவிட முடியுமா? பார்த்தவர்கள் நாங்களே ஆளுக்கொரு விதமாக எழுதி முடிக்கிறோம். அதற்குப் போனில் ஒரு குழு. பழனியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஞானவேல் அண்ணன் நடத்துகிறார். குழுவில் யார் எழுதினாலும் போடுவதற்கு முன்னால் என்னிடம் வரும். நான் படித்து, எது நல்லது, எதைத் திருத்தலாம் என்று சொல்வேன். முதல் வாசகி. அதுதான் அங்கே என் பதவி.

"சம்பளம் உண்டா?" என்றார். வழக்கமான கேலி.

இன்று தாரணியும் ஒரு கதை அனுப்பியிருக்கிறாள். இரண்டாவது தெருவில் இருக்கும் லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் பெண். வில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். ஒருநாள் சாக்லேட் வாங்க வந்தபோது, அவளும் 'சங்குமுனை' பார்த்தவள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கடை ஸ்டூல் அவளுடையது. குழுவுக்குள் இழுத்துவந்ததும் நான்தான்.

சின்னப் பெண். என்ன எழுதியிருக்கப்போகிறாள்? நாளை படிக்கலாம்.

12 ஆகஸ்ட்

படித்தேன். ல, ள, ழ எல்லாம் குழப்பம். ஒரே பத்தியில் காலையும் சாயங்காலமும் வந்துவிடுகிறது. வேணியின் சட்டை நடுவில் நிறம் மாறுகிறது.

ஆனால் ஒரு இடம். வேணி படகைக் கட்டிவிட்டு, கயிறு பிடித்த உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறாள். வீட்டு வாசனை போய்விட்டதா என்று. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

மதியம் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா, எனக்கு வலிக்காது" என்று டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள். உள்ளங்கை வரியையும் சொன்னேன். முகம் எப்படி மலர்ந்தது! "அது நல்லாருக்கா? நெசமாவா? அத எடுத்துரலாம்னு நெனைச்சேங்க்கா."

"எடுத்தா உன்கூடப் பேசமாட்டேன்" என்றேன்.

20 ஆகஸ்ட்

தாரணியின் கதை வெளிவந்தது. எல்லோரும் அந்த உள்ளங்கையைப் பற்றியே பேசுகிறார்கள்.

24 ஆகஸ்ட்

ஞானவேல் அண்ணன் போன் பண்ணினார். "எங்கேருந்துங்க புடிச்சீங்க இந்தப் புள்ளைய? என்னா எழுத்து! எங்க வீட்டுல படிச்சிட்டு அழுவுறாங்க."

"நான்தான் கூட்டிவந்தேன். முதல்ல வந்தப்ப ஒரே தப்பா இருந்துச்சு, வரிவரியா உக்காந்து சரிபண்ணினேன்" என்றேன்.

வரிவரியாகவா? எழுத்துப்பிழை பார்த்தேன். காலையும் சாயங்காலமும் பிரித்தேன். அவ்வளவுதான். எதற்காக அப்படிச் சொன்னேன்? அவர் கேட்கவே இல்லையே.

3 செப்டம்பர்

நேற்று என்னுடைய புது அத்தியாயம் போட்டேன். வத்தலக்குண்டில் டீச்சராக இருக்கும் சுசித்ரா நான்கு வருடமாக என் வாசகி. நான் எழுதினால் ஒரு பக்கத்துக்குக் கருத்து எழுதுவார். இந்த முறை ஒரு பூ. வெறும் பூப்படம்.

தாரணியின் கதைக்குக் கீழே போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அங்கே ஒரு பக்கம் இருந்தது.

டீச்சருக்கு வேலை அதிகமாக இருந்திருக்கலாம். தாரணியைப் படித்த அன்று மட்டும் வேலை இல்லையாக்கும்!

15 செப்டம்பர்

தாரணி வீட்டுத் தோட்டத்து கேரட் கொண்டுவந்தாள், இலையோடு. மண் ஈரம்கூடக் காயவில்லை. மச்சானைப் பெற்ற மாமிக்குக் கொள்ளை சந்தோஷம். "இந்தப் புள்ளைய மாதிரி ஒரு தங்கச்சி உனக்கு இருந்திருக்கணும்" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "நான் உன் கதைக்குச் சொல்றேன்ல, நீயும் என் கதைக்குச் சொல்லேன்" என்றேன். புகழ்வாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். வேறு எதற்கு?

முதலில் மழுப்பினாள். "நான் என்னத்தக்கா சொல்ல." நான் விடவில்லை. கேரட் இலையைக் கிள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உங்க அல்லி தப்பே பண்ண மாட்டேங்குறாக்கா. எல்லாத்தயும் பொறுத்துக்குறா. யார் திட்டுனாலும் சிரிக்கிறா. எனக்கு அவகிட்ட போகவே பயமாருக்கு. ஒரு தடவயாச்சும் அவளுக்குக் கோவம் வரட்டுமே, ஒரு ஈனத்தனம் பண்ணட்டுமே. அப்ப எனக்கு அவள இன்னும் புடிக்கும்."

"ம். யோசிக்கிறேன்" என்றேன். அதற்குள் ஒரு குடும்பம் தைலம் கேட்டு வந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் பை முழுக்கத் தைலம். மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எவ இவ? ஒரே ஒரு கதை எழுதிட்டா எனக்குப் பாடம் எடுக்க வந்துருவாளா? நாலு வருசமா எழுதுறேன் நான். அல்லிய இந்தக் குழுவுல எல்லாரும் தெய்வமா கும்பிடுறதே நான் எழுதுனதாலதான். ஈனத்தனமாம். ஈனத்தனம்!

16 செப்டம்பர்

"நேத்து சொன்னதுக்கு நன்றி" என்று தாரணியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

4 அக்டோபர்

நவம்பர் பத்து 'சங்குமுனை' நின்றுபோன நாள். வருடாவருடம் அன்று குழுவில் எல்லோரும் கதை போடுவோம். ஞானவேல் அண்ணன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த வருடம் வரை குழுவின் முகப்பில் வைப்பார். இரண்டு வருடமாக என்னுடையதுதான் இருக்கிறது.

தாரணி தன்னுடையதை அனுப்பியிருந்தாள். அடுப்பில் டீயை வைத்துவிட்டு, நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன்.

வேணி திரும்பி வருகிறாள். இருட்டு, காற்று. தூரத்தில் அவள் படகின் சின்ன வெளிச்சம் தெரிகிறது. அல்லி பார்த்துவிடுகிறாள். விளக்கு அணைந்திருக்கிறது. ஏற்ற வேண்டும். தீப்பெட்டி கையில் இருக்கிறது. ஊரே வேணி வேணி என்று ஏங்கியது அவளுக்கு நினைவுக்கு வருகிறது. இங்கேயே கிடந்த தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்பதும். ஒரு மூச்சு நேரம் அல்லி தீப்பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே மூச்சு. பிறகு ஏற்றிவிடுகிறாள். படகு பத்திரமாக வந்துசேர்கிறது. வேணி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அந்த ஒரு மூச்சு யாருக்கும் தெரியாது. அல்லிக்கு மட்டும் தெரியும்.

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. மாமி கத்திய பிறகுதான் பார்த்தேன்.

குழுவில் இதுவரை யாரும் இப்படி எழுதியதில்லை. நானும்தான்.

5 அக்டோபர்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் தாரணி வந்தாள். முதலில் நல்லதைச் சொன்னேன். காற்று நன்றாக வந்திருக்கிறது, வேணி பேசுவது இயல்பு. பிறகு, "அந்த தீப்பெட்டி இடம் மட்டும்..." என்று நிறுத்தினேன்.

"ஏங்க்கா? நல்லால்லயா?"

"எழுத்து நல்லாருக்கு. ஆனா அல்லி அப்படிச் செய்யமாட்டா தாரணி. சீரியல் முழுக்க அவ எப்படி இருந்தான்னு நெனைச்சுப் பாரு. தங்கச்சி கடல்ல வரும்போது விளக்கேத்தாம நிப்பாளா? படிக்கிறவங்களுக்குக் கோவம் வரும். அல்லிய நீ அசிங்கப்படுத்திட்டன்னு சொல்வாங்க."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "எனக்கு அந்த இடத்த எழுதணும்னுதாங்க்கா கதையே எழுதத் தோணுச்சு."

"சில சமயம் நமக்கு ரொம்பப் பிடிச்சதத்தான் எடுக்கணும். நானும் எவ்வளவோ எடுத்திருக்கேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அங்கேயே, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, போனில் விரலை வைத்து இழுத்து அந்தப் பத்தியை அழித்தாள். "எடுத்துட்டேங்க்கா. வெரசா போகணும், ரூம் செக்-அவுட் இருக்கு." டிபனைப் பாதியில் மூடிவிட்டு ஓடினாள்.

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும். குரலில்கூட வித்தியாசம் இல்லை. மற்ற நாட்களில் பேசுவதுபோலவே, அக்கறையாக, பொறுமையாக. அதை நினைத்தால்தான் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

6 அக்டோபர்

நான் சொன்னது தப்பில்லை. அல்லி அப்படிச் செய்யமாட்டாள்.

10 நவம்பர், ஞாயிறு

கதைகள் வந்தன. வேணிக்கும் மீன்வளத்துறை அதிகாரிக்கும் கல்யாணம் நடக்கும் ஒரு கதைக்கு முகப்பு இடம் போயிற்று. எனக்கு இல்லை. பரவாயில்லை.

தாரணிக்கும் இல்லை.

அவள் கதைக்குக் கீழே: 'நல்லாருக்கு, ஆனா முடிவு சப்புனு போச்சு.' 'போன கதை மாதிரி இல்ல.' சுசித்ரா டீச்சர் மட்டும், 'நடுவுல எதையோ எடுத்த மாதிரி இருக்கும்மா' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் என் கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லைதான். இருந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சந்தோஷமாக இருந்தேனா? இருந்தேன். மாமி கேட்டதற்கெல்லாம் பாட்டுப் பாடாத குறையாகப் பதில் சொன்னேன். இரவுக்கு நெய்ச்சோறு ஆக்கினேன். மச்சான் என்ன விசேஷம் என்றார்.

சாயங்காலம் தாரணியிடமிருந்து: 'எனக்குத்தான்க்கா சரியா எழுத வரல போல, மொதக் கதை என்னமோ அதுவா வந்துருச்சு'

'அடுத்தது நல்லா வரும்' என்று அனுப்பினேன். பக்கத்தில் ஒரு பூவையும் வைத்தேன்.

22 நவம்பர்

பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. பஸ் இல்லை, வேன் இல்லை, டூரிஸ்ட் இல்லை. கடை சும்மா கிடக்கிறது. தாரணி பத்து நாளாக மதியத்தில் வருவதில்லை. லாட்ஜில் ஆள் குறைவாம், சோலி அதிகமாம்.

ரொம்ப நாள் கழித்து எழுத உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே இல்லை. ஒரே மூச்சில் முடித்தேன்.

மூடுபனி. பாறைகளுக்கு நடுவில் வேணி வழி தெரியாமல் "அக்கா... அக்கா..." என்று கூப்பிடுகிறாள். அல்லிக்குக் கேட்கிறது. வாயைத் திறக்கவில்லை. அந்தக் குரலில் இருக்கும் பயம் அவளுக்கு வேண்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக வேணிக்கு அவள் தேவைப்படுகிறாள். கடைசியில் குரல் கொடுக்கிறாள்.

தாரணி அன்றைக்குச் சொன்னதுதான். அல்லியை ஒரு தப்பு செய்ய விட்டேன். விமர்சனத்தை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு நல்லது நடக்கிறது! நான்கு வருடத்தில் அல்லி எனக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

25 நவம்பர்

போட்டேன். போனை வைக்க முடியவில்லை, அவ்வளவு கருத்துகள். சுசித்ரா டீச்சர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். 'இத்தனை நாள் அல்லியைக் கும்பிட்டோம், இன்றைக்குத்தான் அவள் மனுஷி ஆனாள்' என்று. ஞானவேல் அண்ணன் முகப்புக் கதையையே மாற்றிவிட்டு என்னுடையதை வைத்துவிட்டார். இதுவரை நடுவில் மாற்றியதே இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

26 நவம்பர்

காலையில் தாரணியின் கருத்து வந்திருந்தது.

'நல்லா இருக்குக்கா.'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். அவள் எப்போதும் முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள்.

அவள் அனுப்பிய பழைய கதை என் போனில் இருக்கிறது. திறந்தேன். பிறகு என்னுடையதைத் திறந்தேன். விளக்குக்குப் பதில் குரல். இருட்டுக்குப் பதில் மூடுபனி. தீப்பெட்டியைப் பிடித்த கைக்குப் பதில் மூடிய வாய். 'ஒரு மூச்சு நேரம்' - அந்த வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. என்னுடையதில் மூன்றாவது பத்தியில் அப்படியே இருக்கிறது. எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

தெரியவில்லையா?

அல்லாஹ்வே.

30 நவம்பர்

தாரணி இப்போதெல்லாம் எங்கள் தெரு வழியாக வருவதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கீழ்ப்பக்கப் படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போகிறாள். பார்த்தேன். மழையில், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

"எங்க தாரணியக் காணோம்? சண்டையா?" என்றார் மச்சான். முதலில் இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கடைசி வரை கேட்டார். கேலி பண்ணவில்லை.

"ஒரே மாதிரி யோசனை ரெண்டு பேருக்கு வரலாம்ல புள்ள? இதுல என்ன தப்பு?"

"வரலாம்."

"அப்ப நீ எதுக்கு அழுவுற?"

எதற்கென்று எனக்குத் தெரியும். மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

3 டிசம்பர்

லாட்ஜுக்குப் போனேன். கேரளாவிலிருந்து ஒரு பெரிய குடும்பம் கவுண்டரைச் சுற்றி நின்றது. தாரணி என்னைப் பார்த்தாள், சோபாவைக் கைகாட்டினாள். வந்தவர்களிடம் பேசுவதுபோலவே, "உக்காருங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் சாவி கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். உட்காரவில்லை.

"தாரணி, அந்த இடம்..."

"நான் எழுதுனா அல்லி அப்படிச் செய்யமாட்டா. நீங்க எழுதுனா செய்வா. அப்படித்தானக்கா?"

எவ்வளவோ தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். "பொறாமைல சொன்னேன்" என்றேன். "அது நல்லாருந்துச்சு. ரொம்ப நல்லாருந்துச்சு. அதனாலதான் எடுக்கச் சொன்னேன்."

அவளுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முகம் அப்படியே வெளிறிப்போயிற்று.

"நீங்க என் யோசனைய எடுத்துக்கிட்டீங்கன்னுதான் நெனைச்சேன். அதுகூடப் பரவால்ல, எடுத்துக்கட்டும், அக்காதானேன்னு இருந்தேன். அப்ப... அன்னிக்குச் சொன்னதே பொய்யா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "நெசமாவே எனக்கு எழுத வராதுன்னு நெனைச்சேங்க்கா. அந்தக் கதைக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதல. தெரியுமா உங்களுக்கு? யாராச்சும் குப்பைன்னு திட்டிருந்தா போடான்னு போயிருப்பேன். நீங்க என் நல்லதுக்குச் சொன்னீங்க. அத எப்படிக்கா நான் இனிமே..."

மாடியிலிருந்து ஒருவர் சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்தினார். "இந்தா வர்றேன் சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். காத்திருந்தேன். திரும்பி வந்தபோது வேறு ஆட்கள் நின்றார்கள். என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது செருப்பை மாற்றிப் போட்டிருந்தேன். ஏரிப்பக்கம் போய்த்தான் தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரத் தைரியம் இல்லை. யாரோ டூரிஸ்ட்டின் இடது கால் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

4 டிசம்பர்

குழுவில் எழுதிப் போட்டேன். முகப்பிலிருந்து என் கதையை எடுத்துவிடுங்கள். அதன் உயிர் தாரணியுடையது. அவள் நவம்பர் கதையில் அது இருந்தது. எடுக்கச் சொன்னது நான், நல்லதுக்குச் சொல்லவில்லை.

இவ்வளவுதான். நீட்டவில்லை. நீட்டினால் அங்கேயும் அழகாக எழுதப் பார்ப்பேன்.

ஞானவேல் அண்ணன் உடனே போன். "இதெல்லாம் பொதுவுல போடணுமாங்க? உங்களுக்குள்ள பேசி முடிச்சுருக்கலாம்ல. இப்ப ஆளாளுக்கு, 'என் கதையிலயும் வேணும்னே எதையாச்சும் எடுக்கச் சொன்னாங்களா'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். மற்ற யாரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அது அவர்களுக்கு இன்னும் பெரிய அவமானம்.

6 டிசம்பர்

இனி முதல் வாசகி சுசித்ரா டீச்சர். அறிவிப்பு வந்துவிட்டது. 'மூத்த எழுத்தாளராம், மூஞ்சியப் பாரு' என்று ஒருவர். மூன்று முறை பதில் அடித்தேன், மூன்று முறையும் அழித்தேன்.

தாரணி ஒன்றும் எழுதவில்லை.

12 ஜனவரி 2025

விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. குளத்துப் பக்கம் உறைபனி பார்க்கக் கூட்டம் அள்ளுகிறது. கடையில் கம்பளித் தொப்பி நன்றாகப் போகிறது. மாமி இப்போதும் கேரட் வாங்கும்போதெல்லாம், "அந்தப் புள்ள ஏன் வர்றதில்ல?" என்கிறார். மச்சான் பேச்சை மாற்றுகிறார்.

தாரணி நவம்பர் கதையைத் திருத்தி மறுபடி போட்டிருக்கிறாள். தீப்பெட்டி இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை. என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, நல்லதாகவும் கெட்டதாகவும்.

கருத்துகள் கொட்டுகின்றன. படிக்கப் படிக்க அதே எரிச்சல். உண்மையைச் சொன்னால் இது போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. ஆனாலும் அவள் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாள். அதற்காக ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன்.

9 பிப்ரவரி

நானும் எழுதிப் பார்க்கிறேன். குழுவில் போடுவதற்கு இல்லை. அல்லியும் இல்லை, வேணியும் இல்லை. பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருத்தி. இரண்டு பக்கத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. நல்லவளாகவே இருந்து தொலைக்கிறாள்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. கடையைப் பகலில் மச்சானின் தம்பி பார்த்துக்கொள்கிறான்.

தாரணியின் புதுக் கதை வந்திருக்கிறது. நீளமானது. வேணி வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் எப்படி ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று. படித்துக்கொண்டே போனேன். முடிவில் ஒரு வரி: 'முதலில் படித்து, தயங்காமல் குறை சொன்ன சுசித்ரா டீச்சருக்கு என் அன்பு.'

கதையைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை எனக்கு. அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் வத்தலக்குண்டில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் முன்னால், பிழையோடு, சட்டை நிறம் மாறுவதோடு இதைப் படித்திருக்கிறார். உள்ளங்கை மாதிரி ஒரு வரியை முதலில் கண்டுபிடித்து இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் முகம் மலர்ந்திருக்கும். போனில்தான் என்றாலும்.

அந்த இடம் என்னுடையது. அவளைப்போல எழுத வேண்டும் என்றுகூட இப்போது தோன்றவில்லை. அந்த ஸ்டூல் மட்டும் வேண்டும்.

4 மார்ச்

இரண்டாவது முறை படித்தேன். ஒரு இடம் உறுத்துகிறது.

விடிகாலையில் வேணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். சாப்பாட்டு இடத்தில் இரண்டு தட்டு வைத்திருக்கிறது. உடனே அல்லி, "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்கிறாள். எதற்குச் சொல்ல வேண்டும்? தட்டே சொல்லிவிட்டதே. டீச்சருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

சொல்ல வேண்டும்போல இருக்கிறது. ஆனால் மறுபடியும் ஒன்றை எடுக்கச் சொல்லப்போகிறேன். நான். அவளை. இதுவும் அதுவேதானா? டீச்சரைவிட எனக்குத்தான் தெரியும் என்று காட்டுவதற்கா?

வரியை எடுத்துவிட்டு மனதுக்குள் படித்துப் பார்த்தேன். இன்னும் நன்றாக இருந்தது. இன்னும் நன்றாக இருப்பது எனக்கு வலித்தது. வலித்ததால்தான் நம்பினேன்.

5 மார்ச்

நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதினேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான். தனியாகச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

'இரண்டு தட்டு வைத்த இடம் மிக அழகு. அதற்கு அடுத்து அல்லி பேசும் வசனம் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அந்த வரி இருக்கும்போது ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.'

கீழே உடனே ஒருவர்: 'மறுபடி கத்தரிக்கோலைத் தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா.' பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

நான் எழுதியதை அழிக்கவில்லை.

6 மார்ச்

தாரணி மற்ற எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறாள். கிண்டல் செய்தவருக்குக்கூட. எனக்கு இல்லை.

9 மார்ச்

இன்றும் பதில் இல்லை. அஸர் தொழுதுவிட்டு, சமோசாவுக்கு மாவு பிசைந்து மூடி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு சும்மா அந்தக் கதையைத் திறந்தேன்.

வேணி கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். இரண்டு தட்டு. அடுத்த வரியில் அல்லி எழுந்து அடுப்புப் பக்கம் போகிறாள்.

அவள் ஒன்றும் பேசவில்லை.